மயிலாப்பூரில் பிறந்தவர், அடையாற்றில் கட்டியவர்

மாநிலங்களவைக்குப் பன்னிரண்டு பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம். அரசியல் சாசனத்தின் 80ஆவது பிரிவு அதற்கு நான்கு துறைகளைச் சொல்கிறது: இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை. பொருளியலுக்கு அந்த வரிசையில் தனி இடம் கிடையாது. ஆனாலும் சென்னையோடு உறவுள்ள பொருளியலாளர்கள் அந்த வாசல் வழியே உள்ளே போயிருக்கிறார்கள். 1978இல் மால்கம் ஆதிசேஷையா போனார். 2016இல் சுப்பிரமணியன் சுவாமி போனார். நடுவில் 2008இல் சி. ரங்கராஜனும் போனார், ஓராண்டில் உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு, பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைமைக்குத் திரும்பினார். அவரை அரசியலுக்கு வந்தவர் என்று சொல்ல முடியாது. மற்ற இருவரைச் சொல்லலாம். அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

ஒருவர் மயிலாப்பூரில் பிறந்தவர். இன்னொருவர் வேலூரில் பிறந்து, உலகமெல்லாம் சுற்றி, அறுபது வயதில் அடையாறு காந்தி நகருக்கு வந்து சேர்ந்தவர். மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளி வழியாகத் தெற்கே போய் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் காந்தி நகர். இருவரும் வெளிநாட்டில் பெரிய பெயர் எடுத்தவர்கள். இருவரும் ஊர் திரும்பியவர்கள். ஆனால் பொருளியல் கற்ற ஒரு மனிதர் அரசியலுக்குள் போனால் அவருடைய படிப்பு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இருவர் வாழ்க்கையும் நேர் எதிரான விடைகளைத் தருகின்றன.

ஆதிசேஷையா 1910இல் பிறந்தார். தகப்பனார் வேலூர் ஊரீசுக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மகன் அதே கல்லூரியில் தொடங்கி, சென்னை லயோலாவில் படித்து, பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி என்று போனார். கல்கத்தாவில் ஆசிரியர் வேலை, நாற்பதுகளில் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர் வேலை. 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963இல் அதன் துணைத் தலைமை இயக்குநர் ஆனார். நைல் நதி அணையில் மூழ்க இருந்த அபு சிம்பல் கோயில்களை அறுத்தெடுத்து மேட்டில் பொருத்திய வேலை நடந்ததெல்லாம் அவர் அந்த நாற்காலியில் இருந்த ஆண்டுகளில்தான்.

யுனெஸ்கோவில் அவருக்குப் பிடித்தமான வேலை வேறு. அந்தக் காலத்தில் நிதி அமைச்சகங்கள் பள்ளிக்கூடச் செலவைத் தர்மக் கணக்கில் வைத்திருந்தன. கையில் மிஞ்சினால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் தள்ளிப் போடலாம். அது செலவு அல்ல, அணைக்கும் ஆலைக்கும் போடுவதைப் போன்ற முதலீடு என்று நிதி அமைச்சர்களிடம் வாதாட ஒரு பொருளியலாளர் தேவைப்பட்டார். 1960இல் கராச்சியில் ஆசிய நாடுகள் கூடி எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று திட்டம் போட்டன. மறு ஆண்டு அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க நாடுகள் கூடின. 1963இல் பாரிஸில் கல்வித் திட்டமிடலுக்கென்றே ஒரு நிறுவனம் எழுந்தது. அந்தப் பதினைந்து இருபது ஆண்டு வாதத்தின் நடுவில் நின்ற தமிழர் ஆதிசேஷையா.

சுவாமியின் தொடக்கம் வேறு மாதிரி. 1939இல் மயிலாப்பூரில் பிறந்தாலும் வளர்ந்தது தில்லியில். தகப்பனார் மத்திய அரசில் புள்ளியியல் அதிகாரி. பையன் இந்து கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனார். அந்த நிறுவனத்தை ஆண்டவர் பி.சி. மகலனோபிஸ். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர், நேருவுக்கு வேண்டியவர், அறிவுலகில் அசைக்க முடியாத மனிதர். அவர் 1960இல் ஒரு புதிய புள்ளியியல் முறையை முன்வைத்தார். மக்களை வருமான வரிசைப்படி சம பங்குகளாகப் பிரித்து, அந்தப் பங்குகளின் நுகர்வை வரைபடத்தில் ஒப்பிடும் முறை அது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மாணவர் அதை எடுத்துப் பிரித்துப் பார்த்து, இதில் புதிதாக எதுவும் இல்லை, பழைய சமன்பாடு ஒன்றின் மறுவடிவம்தான் என்று எழுதினார். 1963இல் எகனாமெட்ரிகா இதழில் அது வந்தது. அந்த வேகத்திலேயே ஹார்வர்டுக்குப் போய், சைமன் குஸ்னெட்ஸிடம் ஆய்வு செய்து, 1965இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

சுவாமியின் வாழ்நாள் முழுவதற்கும் இந்த நிகழ்ச்சி ஒரு முன்னுரை மாதிரி எனக்குப் படுகிறது. பெரிய மனிதர் ஒருவர் எதிரே இருக்க வேண்டும். அவர் சொன்னதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். அதை எல்லாருக்கும் தெரியும் இடத்தில் போட்டு உடைக்க வேண்டும். அன்று அது அறிவுலகுக்கு நன்மை செய்தது.

அவருடைய பொருளியல் எவ்வளவு உயரமானது என்பது தமிழ் வாசகர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. நோபல் பரிசு பெற்ற பால் சாமுவேல்சனுடன் சேர்ந்து, 1974இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் குறியீட்டெண்கள் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். விலைவாசி எத்தனை சதவீதம் ஏறியது என்று அரசு மாதா மாதம் அறிவிக்கிறதே, அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்பதுதான் கேள்வி. தி. நகர் ரங்கநாதன் தெருவுக்கு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். மாதம் பதினையாயிரம் வரும்போது அதில் பெரும்பங்கு அரிசி, பருப்பு, வாடகைக்குப் போகும். வருமானம் அறுபதாயிரம் ஆனால் அரிசிக்கு நான்கு மடங்கு செலவழிக்க மாட்டார்கள். பள்ளிக் கட்டணம், பட்டுப் புடவை, நகைச் சீட்டு என்று செலவின் சேர்மானமே மாறிவிடும். அப்படி மாறும்போது விலைவாசிக்கு ஒரே எண் சொல்ல முடியாது. ஏழைக்கு ஓர் எண், வசதியானவருக்கு வேறோர் எண். வருமானம் ஏறினாலும் இறங்கினாலும் ஒவ்வொரு பொருளுக்கும் போகும் பங்கு மாறாமல் இருந்தால்தான் யாருக்கும் பொருந்தும் ஒரே குறியீட்டெண் சாத்தியம் என்று இருவரும் கணிதமாக நிறுவினார்கள். ஏழை நாட்டின் பணவீக்கக் கணக்கைப் படிக்கும் எவருக்கும் இன்றும் வேண்டிய எச்சரிக்கை இது. அதற்கு முந்தைய ஆண்டு, 1952 முதல் 1970 வரை சீனாவும் இந்தியாவும் வளர்ந்த விதத்தை ஒப்பிட்டு ஒரு நூலளவு ஆய்வும் வெளியிட்டிருந்தார்.

இவ்வளவு கையில் இருந்த மனிதர் ஏன் அரசியலுக்குப் போனார்? கல்விக்கூடங்கள் அவரை வெளியே தள்ளின என்பது பாதி விடை. 1969இல் இந்தியா வந்து தில்லி ஐ.ஐ.டி.யில் கணிதப் பொருளியல் பேராசிரியரானார். ஐந்தாண்டுத் திட்டங்களைக் கைவிட வேண்டும், சந்தையைத் திறந்தால் ஆண்டுக்குப் பத்து சதவீத வளர்ச்சி முடியும் என்று சுதேசித் திட்டம் ஒன்றை எழுதினார். 1970 பட்ஜெட் விவாதத்தில் இந்திரா காந்தியே அதைத் தாக்கிப் பேசினார். 1972 டிசம்பரில் ஐ.ஐ.டி. அவரை வேலையிலிருந்து நீக்கியது. அந்த நீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது 1991 ஆகிவிட்டது. அதற்குள் அவர் மத்திய அமைச்சராகவே ஆகிவிட்டிருந்தார். வேலை போன இரண்டாம் ஆண்டே, 1974இல், ஜனசங்கம் அவரை உத்தரப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்கு அனுப்பியது. மாற்றுக் கருத்துச் சொன்ன பேராசிரியருக்குப் பாடம் நடத்தும் இடம் இல்லாமல் போனது என்பது அந்தக் கால இந்தியாவின் குற்றம். இதை அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆதிசேஷையாவை யாரும் வெளியே தள்ளவில்லை. 1970இல் யுனெஸ்கோவிலிருந்து ஓய்வு பெற்றார். பாரிஸிலேயே வசதியாக இருந்திருக்கலாம். சென்னைக்கு வந்து, மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து தம் சேமிப்பையும் சொத்தையும் போட்டு, 1971 ஜனவரியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். எம்.ஐ.டி.எஸ். என்றால்தான் பலருக்குத் தெரியும். காந்தி நகர் இரண்டாவது பிரதான சாலையில், மரங்கள் அடர்ந்த குடியிருப்புத் தெருவில், வீடுகளுக்கு நடுவே ஒரு வீடு மாதிரி அது இருக்கும். 1977இல் மத்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து நிதி தரும் தேசிய நிறுவனமாக அது மாறியது. தாம் கட்டியதைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளாமல் பொதுச் சொத்தாக்கினார். 1978இல் கிறித்துவக் கல்லூரியின் சி.டி. குரியனை அழைத்து இயக்குநர் ஆக்கினார். சொந்தக் காசில் கட்டியதை இன்னொருவர் கையில் கொடுக்கும் மனம் நம்மூரில் அபூர்வம்.

1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நெருக்கடி நிலையின் காலத்தில் அந்தப் பதவியில் இருந்தார். அதே காலத்தில் சுவாமி கைது ஆணைக்குத் தப்பி வெளிநாட்டில் இருந்தார். 1976 ஆகஸ்ட் 10ஆம் தேதி நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் அறுபது நாள் கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் இடம் காலியானது என்று அவை அறிவிக்கலாம் என்பது விதி. தேடப்படும் ஆள் நாடாளுமன்றத்துக்கு வர முடியாது என்பது அரசின் நம்பிக்கை. சுவாமி இரகசியமாக நாட்டுக்குள் வந்து, நேராக நாடாளுமன்றத்துக்குப் போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவைக்குள் நுழைந்தார். மறைந்தவர்களுக்கு இரங்கல் வாசிக்கும் நேரம். எழுந்து நின்றார். இந்தப் பட்டியலில் ஜனநாயகத்தின் பெயர் விட்டுப்போய்விட்டதே என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். அவை அதிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே வெளியேறி, நாட்டைவிட்டும் தப்பிவிட்டார். அந்த நவம்பரில் மாநிலங்களவை அவரை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியது.

அன்று அந்த அவைக்குள் இருந்த எத்தனையோ பேருக்கு வராத துணிச்சல் அது. ஆதிசேஷையாவின் நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் 1976இல் நாட்டுக்குத் தேவைப்பட்டது நிதானம் அல்ல. அந்த ஓர் ஆண்டில் மயிலாப்பூர்க்காரர் பக்கம்தான் என் மனம் நிற்கிறது.

1977இல் அரசியல் தலைகீழானது. ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்தது. வடகிழக்குப் பம்பாயிலிருந்து சுவாமி மக்களவைக்குப் போனார். அதே ஜனதா ஆட்சிக் காலத்தில், 1978இல், ஆதிசேஷையா மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். ஒரே அலை இருவரையும் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இருவர் பாதையும் ஒன்றுக்கொன்று மிக அருகில் வந்த இடம் இதுதான். அதன் பிறகு விலகியது விலகியதுதான்.

ஆதிசேஷையா ஆறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். கட்சியில் சேரவில்லை. ஆண்டுதோறும் நிதியாண்டின் நடுவில் நாட்டுப் பொருளாதாரத்தை ஆராய்ந்து தில்லி இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் உரையாற்றினார். அது நூலாகவும் வந்தது. பட்ஜெட் போட்ட நாளில் எல்லாரும் பேசுவார்கள். பட்ஜெட்டில் சொன்னது ஆறு மாதத்தில் என்ன ஆனது, பருவமழை எப்படிப் பெய்தது, நெல் எவ்வளவு விளைந்தது, மின்சாரம் எத்தனை நாள் இல்லை, எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் செலவானதா என்று கணக்குக் கேட்பவர்கள் குறைவு. அதை அவர் விடாமல் செய்தார். அரசாங்கங்கள் அதைக் கேட்டு நடந்தனவா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆட்சியைப் பிடிக்கும் ஆசையோ கவிழ்க்கும் பலமோ இல்லாத ஒருவரைத் தில்லி மரியாதையாக வணங்கிவிட்டு நகர்ந்துவிடும். அவருடைய அரசியலின் எல்லை அங்கே தெரிகிறது.

ஆனால் காந்தி நகர் கட்டடத்துக்குள் நடந்த வேலை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். 1916 வாக்கில் அவர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு கூலி, யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதிவரச் சொன்னார். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு அதில் ஒன்று. தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலராக இருந்துவிட்டு எம்.ஐ.டி.எஸ்.சுக்கு வந்த எஸ். குகன், மானுடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து அதே கிராமத்தை மறுபடி ஆராய்ந்து 1983இல் எழுதினார். ஒரே ஊரை அறுபது எழுபது ஆண்டு இடைவெளியில் அளந்து பார்க்கும் வாய்ப்பு உலகத்தில் மிகச் சில இடங்களுக்குத்தான் உண்டு. தமிழ்நாட்டின் கிராமம் எப்படி மாறியது என்பதை மேடைப் பேச்சை நம்பாமல் தெரிந்துகொள்ள நினைக்கிறவர் இந்த ஆய்வுகளைத்தான் புரட்ட வேண்டும்.

ஆதிசேஷையா 1994இல் காலமானார். ஒன்பது ஆண்டு கழித்து, 2003இல், காவிரிப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், எம்.ஐ.டி.எஸ். பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முன்கையெடுத்து இரு மாநில விவசாயிகளையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். காவிரிக் குடும்பம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தஞ்சை விவசாயி மண்டியா வயலையும் மண்டியா விவசாயி டெல்டாவையும் நேரில் போய்ப் பார்த்தார்கள். பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஆனால் இரண்டு மாநில அரசுகளும் நீதிமன்றத்தில் மட்டுமே பேசிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் தங்களுக்குள் பேச ஓர் இடம் கிடைத்தது. நிறுவனம் ஒன்று செய்யக்கூடிய அரசியல் இது. இதற்குத் தேர்தல் வேண்டாம். அறை வேண்டும், நூலகம் வேண்டும், இரு தரப்பும் நம்பும் பெயர் வேண்டும். அந்தப் பெயரை எண்பதுகளில் ஈட்டி வைத்தவர்களில் முதல்வர் ஆதிசேஷையா.

சுவாமி அதிகாரத்துக்கு மிக அருகில் போனார். 1990 நவம்பரில் சந்திரசேகர் அரசில் வணிகம், சட்டம் ஆகிய இரண்டு துறைகளுக்கு அமைச்சரானார். அந்நியச் செலாவணி வற்றி, நாடு தங்கத்தை அடகு வைக்கும் நிலைக்கு வந்த மாதங்கள் அவை. ஒரு பொருளியலாளருக்கு அதைவிடப் பெரிய தருணம் வாய்க்காது. ஆனால் காங்கிரஸ் தயவில் நின்ற அந்த அரசு 1991 கோடையோடு முடிந்தது. சீர்திருத்தங்களுக்கான வரைவை அப்போதே தயாரித்துவிட்டதாக அவர் பிறகு சொல்லிவந்திருக்கிறார். நடத்திக் காட்டும் வாய்ப்பு மன்மோகன் சிங்குக்குப் போனது. அவர் தேர்தலில் நின்று வந்தவர் அல்ல, மாநிலங்களவை வழியாக வந்த பொருளியலாளர். அதன் பிறகு சுவாமி பொருளாதாரத் துறையில் அமைச்சராகவே இல்லை. 1994இல் நரசிம்ம ராவ் அரசு தொழிலாளர் தரமும் சர்வதேச வணிகமும் பற்றிய ஆணையத்துக்கு அவரைத் தலைவராக்கியதோடு சரி.

மீதி வாழ்க்கை நீதிமன்றத்தில். 1996இல் ஜெயலலிதா மீது சொத்துக் குவிப்புப் புகார் கொடுத்தவர் அவர். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அது முடிவதற்குள் இருபது ஆண்டுக்கு மேல் தமிழக அரசியலின் போக்கையே அந்த வழக்கு வளைத்தது. 2ஜி அலைக்கற்றை வழக்கில் 122 உரிமங்கள் 2012இல் ரத்தானதற்கு அவருடைய மனுவும் ஒரு காரணம். குற்ற வழக்கில் 2017 டிசம்பரில் அனைவரும் விடுதலையானார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேது சமுத்திரத் திட்டத்துக்கு எதிராக நின்றார். சிதம்பரம் நடராசர் கோயில் நிர்வாகத்தில் அரசு தலையிட்டதற்கு எதிராக 2014இல் தீர்ப்பு வாங்கினார். கட்சிப் பலமோ பணபலமோ இல்லாத தனிமனிதர் மனு எழுதியே அரசுகளை அசைக்க முடியும் என்று அவர் காட்டியது சிறிய விஷயம் அல்ல.

1998இல் அ.தி.மு.க. கூட்டணியில் மதுரையில் நின்று மக்களவைக்குப் போனார். இரண்டு ஆண்டு முன்பு யார் மீது புகார் கொடுத்தாரோ அவருடைய கூட்டணி. மறு ஆண்டு மார்ச்சில் தில்லி அசோகா ஹோட்டலில் அவர் கொடுத்த தேநீர் விருந்தில் ஜெயலலிதாவும் சோனியா காந்தியும் சந்தித்தார்கள். ஏப்ரல் 17ஆம் தேதி வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அடுத்த தேர்தலில் மதுரை அவரைத் தோற்கடித்தது.

ஓர் ஓட்டில் அரசு கவிழ்ந்த இன்னொரு பொருளியலாளரின் கதையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அயர்லாந்தின் காரெட் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1926இல் டப்ளினில் பிறந்தவர். தகப்பனார் அந்த நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர்களில் ஒருவர். மகன் அயர்லாந்து விமான நிறுவனத்தில் பத்து ஆண்டுக்கு மேல் திட்டமிடல் வேலை பார்த்தார், பிறகு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தார், பத்திரிகைகளில் பொருளாதாரம் எழுதினார். 1965இல் மேலவை உறுப்பினர். 1969இல் வாக்காளர்கள் முன் நின்று கீழவைக்குப் போனார். 1973இல் வெளியுறவு அமைச்சர், 1981இல் பிரதமர். 1982 ஜனவரியில் அவருடைய அரசின் பட்ஜெட் குழந்தைகளின் செருப்புக்கும் உடுப்புக்கும் வரி போட்டது. வரிக் கணக்குச் சரிதான். கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பிள்ளைச் செருப்புக்கு விலக்குக் கொடுத்தால் சிறிய பாதமுள்ள பெண்கள் அதை வாங்கிக்கொள்வார்கள் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது. 81க்கு 82 என்று அரசு விழுந்தது.

அந்த ஆண்டு கடைசியில் அவர் மறுபடி பிரதமராகி 1987 வரை ஆண்டார். வேலையின்மையையும் கடனையும் அவரால் அடக்க முடியவில்லை. பொருளியலாளரின் ஆட்சியில் பொருளாதாரம்தான் காலை வாரியது. ஆனால் 1985 நவம்பரில் மார்கரெட் தாட்சருடன் அவர் போட்ட ஒப்பந்தம் வட அயர்லாந்து விவகாரத்தில் டப்ளினுக்கு முதன்முறையாகப் பேச உரிமை வாங்கித் தந்தது. பிற்காலச் சமாதானத்துக்கு அது அடித்தளம். மணவிலக்கை அனுமதிக்க 1986இல் மக்களிடம் வாக்குக் கேட்டுத் தோற்றார். பதவி போன பிறகு செய்தித்தாளில் புள்ளிவிவரங்களோடு பத்தி எழுதும் வேலைக்குத் திரும்பி, 2011இல் சாகும் காலம் வரை எழுதினார். தோற்றாலும் அவர் கடைசிவரை அதே ஆள்தான். வாக்காளரிடம் தம் கணக்கைத் தாமே எடுத்துப் போய், உதையும் வாங்கிக்கொண்டு, மறுபடி கணக்குக்கே திரும்பினார்.

சுவாமியிடம் எனக்குள்ள வருத்தம் இங்கேதான். 2011 வரை கோடைக்காலங்களில் ஹார்வர்டில் பொருளியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஜூலையில் முஸ்லிம்களின் வாக்குரிமைக்கு நிபந்தனை விதிக்கும் விதத்தில் ஒரு கட்டுரை எழுதினார். டிசம்பரில் ஹார்வர்டு ஆசிரியர் அவை அவருடைய இரண்டு பாடங்களையும் நீக்கியது. 1972இல் அவரிடமிருந்து வகுப்பறையைப் பறித்தது பிறர். 2011இல் அதை இழந்ததற்குக் காரணம் அவருடைய பேனாதான். ஏழைக்கு ஓர் எண், பணக்காரருக்கு ஓர் எண் என்று நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தவர், குடிமக்களைப் பற்றி எழுதும்போது அந்த நுணுக்கத்தைக் கைவிட்டார். 2016இல் ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜனை நீக்கும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வட்டி விகிதம் பற்றி இரண்டு பொருளியலாளர்கள் கருத்து மாறுபடுவது இயல்பு. அந்த விவாதம் நடந்திருந்தால் நாடே கற்றுக்கொண்டிருக்கும். அவர் கடிதமோ ராஜன் மனதளவில் முழு இந்தியரா என்பது வரை போனது. மகலனோபிஸின் சமன்பாட்டை எதிர்த்த இளைஞர் மகலனோபிஸின் நாட்டுப்பற்றை அளக்கவில்லை.

ஆனால் தம் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே வளர்ச்சி விகிதக் கணக்கு சரியில்லை, பொருளாதாரம் போகும் திசை தவறு என்று வெளிப்படையாகச் சொன்னவரும் அவர்தான். 2019இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்தப் பழைய மாணவர் உள்ளே இன்னும் இருக்கிறார் என்று அப்போது தோன்றும். 2022இல் நியமனக் காலம் முடிந்தது, மறுபடி நியமிக்கவில்லை.

ஆதிசேஷையா பொருளியலை விட்டுப் போகவில்லை. அதனால் அரசியல் அவரைக் கண்டுகொள்ளவில்லை. சுவாமியை அரசியல் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அதற்குக் கொடுத்த விலை அவருடைய பொருளியல். இழப்பில் பெரியது எது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். சாமுவேல்சனோடு சம ஆசனத்தில் உட்கார்ந்த தமிழர் வேறு யார் இருக்கிறார்கள்? அந்த மூளை நாற்பது ஆண்டுகள் இந்தியாவின் விலைவாசியையும் கூலியையும் சீனாவோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டே இருந்திருந்தால் நம் கையில் இன்று என்னவெல்லாம் இருந்திருக்கும். ஆதிசேஷையா விட்டுச் சென்றதைத் தேட வேண்டியதில்லை. காந்தி நகரில் கதவைத் திறந்து உள்ளே போகலாம்.

தென்சென்னை வாக்காளர்களுக்குப் பொருளியல் படித்தவர்கள் மேல் வெறுப்பு ஒன்றும் கிடையாது. 1967இல் அவர்கள் மக்களவைக்குத் தேர்ந்தெடுத்த அண்ணா, பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் படித்தவர். 1977இலும் 1980இலும் தேர்ந்தெடுத்த ஆர். வெங்கட்ராமன், லயோலாவில் பொருளியல் எம்.ஏ.; நிதியமைச்சராகி, 1981இல் சர்வதேச நிதியத்திடம் அந்தக் காலத்தின் மிகப் பெரிய கடனைப் பேசி வாங்கியவர். இருவரும் தொழிலால் பொருளியலாளர்கள் அல்லர், ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள். இன்று ஒரு தொகுதியில் நிற்க ஆகும் செலவை நினைத்தால் எந்தப் பேராசிரியரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். 2021இல் தமிழ்நாடு அரசு ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ, அரவிந்த் சுப்பிரமணியன், ஜான் திரேஸ், எஸ். நாராயண் ஆகிய ஐவரைக் கொண்டு பொருளாதார ஆலோசனைக் குழு அமைத்தது. நல்ல குழு. ஆனால் ஆலோசகருக்கு அவையில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் உரிமை கிடையாது.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அந்த உரிமையை முதலில் கொடுத்தது மேலவை. அங்கே நான்கு ஆண்டு பழகிவிட்டுத்தான் அவர் வாக்காளர் முன் நின்றார். தமிழ்நாட்டிலும் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த மேலவை ஒன்று இருந்தது. 1986 நவம்பர் 1ஆம் தேதி அதை ஒழித்தார்கள். 2010இல் அதை மீட்கச் சட்டம் நிறைவேறியது. 2011இல் ஆட்சி மாறியதும் அந்த முயற்சி கைவிடப்பட்டது. மறுபடி அந்தப் பேச்சு எழும்போது, தோற்ற கட்சிக்காரர்களைக் குடியேற்றும் இடம் என்று மட்டும் அதைப் பார்க்காமல், காந்தி நகர் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கட்சியில் சேராமலும் நீதிமன்றம் ஏறாமலும் பேச ஓர் இருக்கை என்று பார்க்கும்படி நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.